வேடமும் தகுதியும்: சிறப்பு வகுப்புக்கு உயர்தல் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

வேடம் ஏற்றல் மனிதனின் பழைய தொழில்களுள் ஒன்று. அரசனல்லாதவன் அரசனாக நிற்பதும், ஆண்மகன் பாஞ்சாலியாகப் புலம்புவதும், உழவன் ஓர் இரவுக்கு முனிவனாவதும் நமது கூத்துக் களரிகளில் நெடுங்காலம் நிகழ்ந்து வந்தவை. எவரும் எவ்வேடத்தையும் ஏற்கலாம் என்ற நிலை எங்கும் இருந்ததில்லை. யார் எதற்குத் தகுதியுடையார், அத்தகுதியை அளப்பவர் யார், அளவை அமைந்த பின் அவ்வேடத்தை அடையும் வழி யாது என்ற வினாக்கள் வேடம் தோன்றிய அன்றே தோன்றியவை. இவ்வினாக்களை இன்றைய இளைஞர் வேறொரு களத்திலும் எதிர்கொள்கின்றனர். இணையவழிப் பாத்திர ஏற்பு விளையாட்டு எனப்படும் கணினி விளையாட்டே அக்களம். அதிலே 'சிறப்பு வகுப்புக்கு உயர்தல்' என்றொரு படி உண்டு. அப்படியின் இயல்பை விளக்கி, திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தின் கோயிற் கடமை முறையோடும் கிழக்கிலங்கைக் கூத்து மரபோடும் அதனை ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். விளையாட்டு ஆராய்ச்சிக்குரிய பொருளன்று எனக் கருதுவாரும் உளர். ஆயின் ஒரு சமூகம் தொழிலையும் தகுதியையும் எவ்வாறு பங்கிடுகின்றது என்பதை அதன் விளையாட்டு மறையாது காட்டும் என்பதே எமது துணிபு.

விளையாட்டின் அமைப்பு

பாத்திர ஏற்பு விளையாட்டு கணினிக்கு முன்னரே தோன்றியது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பதே இதன் மூலவடிவம். மேசையைச் சூழ்ந்து அமர்ந்தோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். ஒருவர் நடுவராக இருந்து கதையை நடத்துவார். அதில் முதலில் இருந்த வகுப்புகள் மூன்றே: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. வகுப்பு என்பது பாத்திரம் எதனைச் செய்ய வல்லது, எதனைச் செய்ய இயலாதது என்பதை வரையறுப்பது. போர்வீரன் மந்திரம் ஓத மாட்டான்; மந்திரவாதி கனத்த கவசம் அணிய மாட்டான். இவ்வரையறையினால் எவரும் தனித்து நின்று வெல்ல இயலாது. ஒருவர் குறையை மற்றவர் நிறைக்கவேண்டும். எனவே வகுப்புப் பிரிவின் முதல் நோக்கம் ஏற்றத்தாழ்வு அன்று, ஒருவரையொருவர் சார்ந்து நிற்றலே ஆகும்.

கடமைகளைச் செய்து முடிக்குந்தோறும் பாத்திரம் அனுபவப் புள்ளிகளைப் பெறும். அவை குறித்த தொகையை எட்டியதும் பாத்திரம் ஒரு படிநிலை உயரும். இவ்வாறு ஏறிச்செல்லும் பாத்திரத்திற்கு ஒரு கட்டத்தில் புதிய வாயில் திறக்கின்றது. பொதுவான வீரனாக இருந்தவன் குதிரை வீரனாகவோ அறப்போராளியாகவோ ஆகலாம். இதுவே சிறப்பு வகுப்பு. 1981ஆம் ஆண்டு வெளிவந்த 'விசார்ட்றி' என்னும் கணினி விளையாட்டில் இதன் தெளிவான தொல்வடிவத்தைக் காண்கின்றோம். அங்கு வலிமை, அறிவு, பக்தி முதலிய ஆறு இயல்புகள் எண்ணால் அளக்கப்பட்டன. நிஞ்சா என்னும் சிறப்பு வகுப்பை அடைய வேண்டுமாயின் ஆறும் 17ஐ எட்டியிருத்தல் வேண்டும். ஆயினும் வகுப்பு மாறிய பாத்திரம் தான் ஈட்டிய படிநிலையை இழந்து முதற்படிக்கு இறங்கியது. உயர்வுக்கு விலையுண்டு என்ற கருத்து இவ்விளையாட்டுகளில் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

யப்பானில் 1988ஆம் ஆண்டு வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' மூன்றாம் பாகத்தில் இதே கருத்து சமயச் சாயல் பெற்றது. வகுப்பு மாற விரும்புவோர் ஒரு கோயிலுக்குச் செல்லவேண்டும். யப்பானிய மூலத்தில் அதன் பெயர் 'தாமா' என்பது. தர்மம் என்னும் வடசொல்லை நினைவூட்டும் பெயர் இது. இருபதாம் படிநிலையை எட்டியவரே அங்கு மாற்றம் பெறுவர். மாறியவர் முதற்படியிலிருந்து மீண்டும் தொடங்குவர். அவருடைய ஆற்றல் அளவுகள் பாதியாகும். கற்ற மந்திரங்கள் மட்டும் நிலைத்து நிற்கும். ஞானி என்னும் உயர்ந்த வகுப்பை அடைய அரிய நூலொன்று தேவை. அந்நூலின்றியே ஞானியாக வல்லவன் ஒருவன் மட்டும் உளன். அவன் போரில் உதவாது கூத்தாடித் திரியும் கோமாளி. பயனற்றவனெனக் கருதப்பட்டவனுக்கே ஞானத்தின் வாயில் தடையின்றித் திறப்பதை நாம் ஆழ்ந்து நோக்குதல் தகும். இதனைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

பலர் ஒரே வேளையில் தொலைவிலிருந்து கூடி ஆடும் முறை 1978ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் றோய் டிறப்ஷோ, றிச்சட் பாட்டில் என்னும் மாணவர் இருவர் ஆக்கிய 'மட்' என்ற விளையாட்டோடு தொடங்கிற்று. அங்கு உச்சத்தை எட்டியவர் மாயாவி என்ற நிலையைப் பெற்றார். அந்நிலை அவருக்கு ஆட்டக்களத்தின் மீதே சிறப்பதிகாரங்களை வழங்கிற்று. விளையாடி உயர்ந்தவன் ஆள்பவனாகவும் ஆனான் என்பது இதன் பொருள்.

சிறப்பு வகுப்பு என்றதும் ஆசிய இளைஞர் பலர் நினைவுகூர்வது 2002ஆம் ஆண்டு தென்கொரியாவில் வெளிவந்த 'றக்னறொக் ஒன்லைன்' என்பதையாகும். அங்கு எல்லோரும் புதியவராகவே தொடங்குவர். தொழிற்படிநிலை 10ஐ எட்டியதும் வாள்வீரன், மந்திரவாதி, வில்லாளி, கள்வன், துறவுத் தொண்டன், வணிகன் ஆகிய அறுவகைத் தொழில்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்வர். தொழிற்படிநிலை 40ஐக் கடந்தபின் இரண்டாம் வகுப்புக்கு உயரலாம். குதிரை வீரனாக விரும்புவோன் பொருள் சேகரித்தல், வினாக்களுக்கு விடையிறுத்தல், பகையோடு பொருதல் எனப் பல கட்டங்களையுடைய சோதனையைக் கடக்கவேண்டும். நாற்பதில் உடனே உயர்ந்துவிடாது ஐம்பது வரை பொறுத்திருப்போன் முதல் தொழிலின் திறன்களிற் கூடுதலான பத்துப் புள்ளிகளைத் தன்னுடன் எடுத்துச் செல்வான். விரைந்து உயர்வதா, அடித்தளத்தை நிறைத்தபின் உயர்வதா என்ற முடிவை ஆடுவோனே எடுத்தல் வேண்டும்.

இவற்றிலிருந்து சிறப்பு வகுப்பின் கூறுகள் நான்கை வகுத்துக் கூறலாம். முதலாவது, முன்னரே அறிவிக்கப்பட்ட தகுதி வரம்பு. இரண்டாவது, அவ்வரம்பை எட்டியதை உறுதிசெய்யும் சோதனை. மூன்றாவது, உயர்வோடு வரும் இழப்பு. ஒன்றைத் தெரிந்தவன் மற்றையவற்றைக் கைவிடுகின்றான். நான்காவது, உயர்ந்தவனும் குழுவைச் சார்ந்தே நிற்கும் நிலை. தாக்குதலைத் தாங்குவோன், காயம் ஆற்றுவோன், பகையை அழிப்போன் என்ற மூவரும் இன்றிப் பெரும்பகையை வெல்லல் அரிது.

பிறப்பு வழி வந்த வகுப்பு

இனித் தம்பலகாமத்தை நோக்குவோம். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களாற் சூழப்பட்ட இவ்வூர், திருக்கோணேச்சரத்தின் வரலாற்றோடு பிரிக்கவியலாத தொடர்புடையது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் திருக்கோணமலைக் கோயிலை இடித்தபோது, மறைத்துக் காக்கப்பட்ட திருவுருவங்கள் பின்னர்த் தம்பலகாமத்தில் எழுந்தருளச் செய்யப்பட்டன என்பது மரபு. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் (1635–1687) காலத்தோடு இக்கோயிலின் எழுச்சி தொடர்புபடுத்தப்படும். ஆதிகோணநாயகர் கோயில் என இன்று வழங்குவது இதுவே.

கோயிற் பணிகள் பங்கிடப்பட்ட முறையைக் கவிராசவரோதயர் பெயரால் வழங்கும் கோணேசர் கல்வெட்டு விரித்துரைக்கின்றது. குளக்கோட்டன் என மரபு போற்றும் அரசன் தானத்தார், வரிப்பத்தார் என்போரைக் குடியமர்த்தி அவரவர்க்குரிய கடமைகளை வகுத்தான் என்றும், நீதி செலுத்த வன்னிபத்தை நியமித்தான் என்றும் அந்நூல் கூறும். களஞ்சியம், பூ, விளக்கு, நெல், இசை என ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாராரின் பொறுப்பாயிற்று. கடமைக்கு ஈடாக நிலமும் மானியமும் அமைந்தன. தம்பலகாமத்துக் கோயிலிலும் இம்மரபு தொடர்ந்தது.

மேலே வகுத்த நான்கு கூறுகளை இம்முறையோடு பொருத்திப் பார்க்கும்போது வேறுபாடு தெளிவாகின்றது. தகுதி வரம்பு இங்கும் உண்டு. ஆயின் அது பிறப்பு. சோதனை என்பது இல்லை. தந்தை செய்ததை மகன் செய்கின்றான். ஒன்றைத் தெரிந்து மற்றதைக் கைவிடும் இழப்பும் இல்லை, ஏனெனில் தெரிவே இல்லை. நான்காவது கூறாகிய ஒருவரையொருவர் சார்தல் மட்டும் நிறைவாக அமைந்துள்ளது. விளக்கேற்றுவோன் இன்றிப் பூசகன் இல்லை. நெல் குற்றுவோர் இன்றி நிவேதனம் இல்லை. சார்ந்து வாழ்தலின் அழகை மட்டும் எடுத்துக்காட்டி இம்முறையைப் போற்றுவோர் உயர்வுக்கான வாயில் அங்கு அடைக்கப்பட்டிருந்ததைச் சொல்ல மறக்கின்றனர். அதன் அநீதியை மட்டும் சொல்வோரோ, கடமையோடு வாழ்வாதாரமும் உறுதிசெய்யப்பட்டிருந்ததைக் கருதுவதில்லை. நிலவுடைமைச் சமூகத்தின் இவ்விரு முகங்களும் ஒருங்கே நோக்கத்தக்கன.

பயிற்சி வழி வந்த வகுப்பு

இதே கிழக்கிலங்கைச் சமூகம் கூத்துக் களரியில் வேறொரு முறையைக் கையாண்டது. வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளின் அமைப்பைப் பேராசிரியர் சி. மௌனகுரு தமது மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிய ஆய்வில் விரிவாக விளக்கியுள்ளார். கூத்தைப் பழக்குபவர் அண்ணாவியார். ஆட விரும்புவோரை அழைத்து அவர்தம் குரல், உடற்கட்டு, தாள உணர்வு, நினைவாற்றல் ஆகியவற்றை நோக்கி இன்னார்க்கு இன்ன பாத்திரம் என அவர் தீர்மானிப்பார். பாத்திரத்துக்குரிய பாட்டும் வசனமும் எழுதப்பட்ட பகுதியை ஆடுவோனிடம் ஒப்படைப்பது 'சட்டம் கொடுத்தல்' எனப்படும். பின்னர் மாதக் கணக்கான பயிற்சி. ஓரளவு தேர்ந்ததும் காலிற் சதங்கை அணிவிக்கப்படும். இதனை ஊரார் கூடி விழாவாகவே நடத்துவர். அதன்பின் 'அடுக்குப் பார்த்தல்'. முழுக் கூத்தையும் வரிசையாக ஆடிப் பார்ப்பது இது. இறுதியில் வட்டக் களரியில் விடிய விடிய அரங்கேற்றம்.

சட்டம், சதங்கை, அடுக்கு, அரங்கேற்றம் என்ற இவ்வரிசை ஒரு படிநிலை ஏணியே. ஒவ்வொரு படியும் ஊரார் கண்முன் ஏறப்படுவது. ஆட்ட முறையிலும் வகுப்புகள் தெளிவாக வேறுபடும். அரசனுக்குரிய வரவு ஆட்டமும் தாளக்கட்டும் வேறு, பெண் பாத்திரத்துக்கு வேறு, வேடனுக்கு வேறு. வடமோடி அரசன் அணியும் கிரீடமும் விரிந்த கரப்புடுப்பும் பாரமானவை. அவற்றைத் தாங்கியவாறே ஆடவும் பாடவும் வேண்டுமாயின் உடல் பலகாலம் பழகியிருத்தல் வேண்டும். இளம் வயதிற் சிறு பாத்திரமோ பெண் பாத்திரமோ ஏற்றவன் காலப்போக்கில் அரச வேடத்துக்கு உயர்வதும், பல கூத்துகளில் ஆடித் தேர்ந்தவன் மத்தளம் ஏந்தி அண்ணாவியாராவதும் இம்மரபின் இயல்பான வளர்ச்சி. 'மட்' விளையாட்டில் உச்சத்தை எட்டியவன் களத்தை ஆளும் உரிமை பெற்றதை ஒத்தது இது. எனினும் அண்ணாவியாரின் அதிகாரம் ஆளும் அதிகாரமன்று, பழக்கும் பொறுப்பு.

கட்டியகாரனைப் பற்றியும் ஈண்டுக் கூறவேண்டும். அரசன் வரவை அறிவிப்பவன் இவன். தகுதியில் இறங்கிய பாத்திரம் போலத் தோன்றினும் அவையோடு நேரே பேசும் உரிமை இவனுக்கே உண்டு. நகைச்சுவைப் பாத்திரங்கள் சமகாலத்தைச் சுட்டி நையாண்டி செய்வதும் கூத்தில் வழக்கம். அரசன் கதைக்குள் அகப்பட்டவன். நகைப்பவனோ கதைக்கு வெளியேயும் நிற்பவன். யப்பானிய விளையாட்டிற் கோமாளி ஞானியாவதன் உட்பொருளை நமது களரியும் தன் வழியில் அறிந்திருந்தது எனலாம்.

கூத்து முற்றிலும் சமத்துவமான களம் என்று இதனாற் கொள்ளலாகாது. சாதியடிப்படையில் அமைந்த ஊர்களிற் கூத்தும் அவ்வச் சமூகத்துக்குள்ளேயே பெரும்பாலும் ஆடப்பட்டது. பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். களரி பெண்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. ஆயினும் ஒரு களரிக்குள் நின்று பார்க்கும்போது பாத்திரத்தைத் தீர்மானித்தது பெரும்பாலும் பயிற்சியே. கோயில் வாயிலிற் பிறப்பால் நின்ற அதே மனிதன், களரியிற் குரலாலும் காலாலும் உயர இடமிருந்தது.

இவ்வேணி ஊரெல்லையைக் கடந்து ஏறிய காலமும் ஒன்றுண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றை மேடையேற்றினார். கிராமத்து அண்ணாவியாரிடம் பல்கலைக்கழக மாணவர் பழகினர். கல்வியால் உயர்ந்தோர் ஆட்டத்தில் முதற்படியில் நின்று தொடங்க வேண்டியிருந்தது. இராவணேசனில் இராவணனாக ஆடிய மாணவரே பின்னாளிற் கூத்தை ஆராய்ந்த பேராசிரியர் மௌனகுரு. வகுப்பு மாறியவன் முதற்படிக்கு இறங்குதல் எவ்வளவு பயனுடையதாக அமையலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

எண் வழி வந்த வகுப்பு

இவ்விரண்டோடும் ஒப்பிடுகையில் இணைய விளையாட்டின் தகுதி முறை மிகத் தூயது போலத் தோன்றும். அங்குப் பிறப்பில்லை, குலமில்லை, ஆண் பெண் வேறுபாடில்லை, அண்ணாவியாரின் விருப்பு வெறுப்புக்கும் இடமில்லை. நாற்பது என்றால் எவருக்கும் நாற்பதே. தம்பலகாமத்து உழவர் வீட்டுப் பிள்ளையும் கொழும்பு வணிகர் வீட்டுப் பிள்ளையும் ஒரே எண்ணால் அளக்கப்படுவர். இளைஞரை இவ்விளையாட்டு ஈர்ப்பதற்கு இதுவே ஆழ்ந்த காரணம் என்பது எமது கருத்து. உழைத்தால் உயரலாம், உயர்வுக்கான வரம்பு இன்னதென முன்கூட்டியே தெரியும் என்ற உறுதியை வாழ்க்கை அவர்களுக்கு வழங்குவதில்லை; விளையாட்டு வழங்குகின்றது.

ஆனால் எண் ஒன்றாயினும் அதனை எட்டும் பாதை ஒன்றன்று. நாற்பதை அடையப் பல நாள் ஓய்வு வேண்டும். தடையற்ற மின்சாரமும் இணைய இணைப்பும் வேண்டும். தகுந்த கருவி வேண்டும். வயலிலோ கடையிலோ உழைப்பவனின் நேரமும் ஓய்ந்திருப்பவனின் நேரமும் சமமல்ல. பிற்கால விளையாட்டுகள் பலவற்றிற் காசு கொடுத்து விரைவையும் வலிமையையும் வாங்க முடிகின்றது. பிறப்பு முன்வாயிலால் வெளியேற்றப்பட்டுப் பணமாகப் பின்வாயிலால் மீள்கின்றது. மேலும், களரியிற் தோற்றவன் அண்ணாவியாரிடம் காரணம் கேட்கலாம். எண்ணிடம் எவரும் காரணம் கேட்க இயலாது. வரம்பை விதித்தவர் தொலைவிலுள்ள நிறுவனத்தார். அவர் நினைத்தால் ஓர் இரவில் அதனை மாற்றலாம், களத்தையே மூடியும் விடலாம்.

எண் நடுநிலையானது என்ற நம்பிக்கை எவ்வளவு ஏமாற்றமளிக்க வல்லது என்பதை ஈழத்துத் தமிழ் மாணவருக்கு விளக்கவேண்டியதில்லை. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தபோது மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குத் தமிழ்மொழி மூல மாணவர் கூடுதலான வெட்டுப்புள்ளியை எட்டவேண்டியதாயிற்று. சிறப்பு வகுப்பின் வாயிலில் ஓர் இனத்துக்கு மட்டும் வரம்பு உயர்த்தப்பட்டது. அதனைத் தொடர்ந்து வந்த மாவட்ட முறையோ வேறு வகையானது. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. திருகோணமலை அம்மாவட்டங்களுள் ஒன்று. இங்கு வரம்பு வேறுபடுவது பாதையின் கடினத்தைக் கருதியே. ஒரே எண் எல்லோருக்கும் நீதியாகாது; வேறுபட்ட எண் எப்போதும் அநீதியுமாகாது. எதனைக் கருதி வேறுபடுத்தப்படுகின்றது என்பதே நீதியின் உரைகல்.

பல்கலைக்கழகத்தினுள்ளும் இதே ஏணி தொடர்கின்றது. பொதுக் கலைப்பட்டம், சிறப்புக் கலைப்பட்டம் என்ற பிரிவு நாம் நாள்தோறும் காண்பது. முதலாண்டுப் பெறுபேற்றால் சிலர் சிறப்புக் கற்கைக்கு உயர்கின்றனர். ஏனையோர் பொதுநெறியில் நிற்கின்றனர். சிறப்புநெறியாளர் ஒரு துறையில் ஆழ்ந்து பிறவற்றைக் கைவிடுகின்றனர். விளையாட்டின் முதல் மூன்று கூறுகளும் இங்குண்டு. நான்காவதாகிய ஒருவரையொருவர் சார்தல்தான் தேய்ந்து வருகின்றது. வரலாறு பயில்வோன் இலக்கியம் பயில்வோனிடம் கேட்பதில்லை. பொருளியலாளன் இருவரிடமும் கேட்பதில்லை. கூத்துக் களரியில் அரசனுக்கும் பிற்பாட்டுப் பாடுவோர் வேண்டும். அவர்கள் குரல் கொடாவிடின் அவன் ஆட்டம் நிற்கும்.

முடிவுரை

பிறப்பு, பயிற்சி, எண் என்னும் மூன்று அளவைகளை நோக்கினோம். பிறப்பளவை வாழ்வாதாரத்தை உறுதிசெய்து வாயிலை அடைத்தது. எண்ணளவை வாயிலைத் திறந்து பாதையின் ஏற்றத்தாழ்வை மறைத்தது. பயிற்சியளவையோ, தன் காலத்தின் சாதி, பால் எல்லைகளால் கட்டுண்டிருப்பினும், தகுதியை ஊரார் முன்னிலையில் நிறுவவும், காரணம் கேட்கவும், உயர்ந்தவன் பிறரைப் பழக்கவும் இடமளித்தது. முற்போக்காளர் பழைமையிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது இதனை. கைவிடவேண்டியது அதன் எல்லைகளை.

1983ஆம் ஆண்டின் பின் மூண்டு 2009 வரை நீடித்த போரும் இடப்பெயர்வும் கிழக்கின் பல களரிகளை மௌனமாக்கின. கூத்து நூல்கள் சில அச்சேறியுள்ளன. ஆயின் எவன் எந்த வயதில் எந்தப் பாத்திரத்தை ஏற்றான், அண்ணாவியார் எதனைக் கண்டு அவனை அடுத்த வேடத்துக்கு உயர்த்தினார் என்பன நூல்களில் இல்லை. அவை முதியோர் நினைவில் உள்ளன. கணினி விளையாட்டுகளின் படிநிலைகள் ஒவ்வொன்றையும் அட்டவணையிட்டு வைத்திருக்கும் நம் இளைஞருக்கு, தம்பலகாமத்திலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் அண்ணாவிமாரை அணுகி இவ்வேணியையும் அட்டவணையிடல் அரிய செயலன்று. எதனைக் கேட்கவேண்டும் என்பதை அவர்கள் ஏற்கனவே அறிவர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இப்பணியை ஒரு திட்டமாக மேற்கொள்ளுமாயின், அழிந்துவரும் கலை பற்றிய தரவுகளோடு, தகுதியை மனிதர் மனிதராய் நின்று அளந்த ஒரு முறை பற்றிய அறிவும் அடுத்த தலைமுறைக்குக் கிட்டும்.